மரங்களுக்குள்ளிருந்து ஒரு அதட்டல்

போன மழைக்காலத்தில், பினாங்கில் கெலுகோர் பக்கம் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் நடந்தது இது. எந்த அடுக்குமாடி என்று சொல்ல மாட்டேன். காரணம் இருக்கிறது.

அங்கே எல்லாரும் குப்பை கொட்டும் ஒரு துண்டு நிலம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் எங்களை விரட்டி வேலை வாங்கி, இந்த மண்ணில் தானாக வளரும் மரங்களாகப் பார்த்து, நெருக்கி நெருக்கி நட வைத்தார். கொத்திப் பொலபொலவென்று ஆக்கிய மண்ணில் எவனாவது கால் வைத்தால் தீர்ந்தது. "மிதிக்காதே! வேரு மூச்சு விட வேணாமா?" என்று ஜன்னலிலிருந்தே கத்துவார். லாரி ஓட்டுகிற எனக்கே பயமாக இருக்கும்.

சில வருடங்களில் அது காடாகிவிட்டது. நாலைந்து கார் நிற்கிற இடம்தான். ஆனால் பட்டப்பகலில் எட்டிப் பார்த்தாலும் அந்தப் பக்கத்துச் சுவர் தெரியாது.

அக்கா நெஞ்சு நோயில் இறந்துபோனார். துக்கம் ஆறுவதற்குள் குடியிருப்போர் கூட்டத்தில் காட்டை வெட்டி கார் நிறுத்த இடம் கேட்டார்கள். நான் கத்தினேன்.

"செத்தவங்க மரத்த வச்சிக்கிட்டு என்னா செய்யிறது லா? என் காடிய உன் தலையிலயா நிறுத்துறது?" என்றான் கார் வைத்திருந்த ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

வெட்ட வந்த காலையில் வேலைக்குப் போகாமல் குறுக்கே நின்றேன். "தள்ளுங்கண்ணே. உங்களுக்கும் எனக்கும் என்னா சண்டை?" என்றார் ஆட்களோடும் ரம்பத்தோடும் வந்த குத்தகைக்காரர். மரம் வெட்டுமுன் இங்கே எல்லாரும் செய்வதுபோல், ஓரத்தில் வெற்றிலையும் சுருட்டும் வைத்தார். "டத்தோ, பொழப்புக்கு வந்திருக்கோம். கோவிச்சுக்காதீங்க" என்று டத்தோ எனும் காவல் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஒரு காலை வைத்தார்.

"மிதிக்காதே!"

அதே குரல். பின்னாலேயே அந்த இருமல். கடைசி மாதங்களில் சுவருக்கு அப்பாலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த, பாதியில் அடைத்துக்கொள்ளும் அதே இருமல். காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை.

"யாருண்ணே உள்ள?" என்றார் அவர். மறுபடியும் அந்த இருமல் கேட்டது. ரம்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

எனக்குப் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. மறுநாள் பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். நாலு எட்டில் சாலைச் சத்தம் அமுங்கிப்போனது. ஈரமண் குளிர் காலில் ஏறியது. "யாரு?" என்றேன். என் தலைக்கு மேலே இருமியது.

நிமிர்ந்தேன். கறுப்பு உடம்பு, கழுத்தோரம் மஞ்சள். அக்கா வளர்த்த மைனா. கருமாதி அன்று அவர் கணவர் கூண்டைத் திறந்துவிட்டிருந்தார். கூண்டில் இருந்தவரை அது ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அக்காவின் கணவரிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும்பா. சாயங்காலமானா ஜன்னல்கிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

மனதில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொல்லி ஊர்ப் பகையைச் சம்பாதித்தவன் நான். இதை மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஆவி, சாபம் என்று உளறுகிறார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கார் நிறுத்தும் பேச்சை யாரும் எடுப்பதில்லை. கத்துவது ஒரு பறவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த இருமல் கேட்கும்போதெல்லாம், மண்ணில் வைக்கப்போன என் கால் தானாகப் பின்னால் வந்துவிடுகிறது.