பாலைவனத்தில் காற்றுப் போன சைக்கிள்

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குச் சைக்கிள் பைத்தியம் பிடித்த வருடம் எனக்குப் பதினொரு வயது. நாங்கள் குடியிருந்த லாசால் நகரில், எங்கள் பல்கனியில் முழங்கால் அளவு பனி கிடக்கும்போதே, மார்ச் விடுமுறைக்கு அமெரிக்கப் பாலைவனமொன்றைச் சைக்கிளில் கடக்கப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார். அவரை நம்பி என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அம்மாவும் வந்தார். அம்மாவுக்கு விடியப்புறம் பேக்கரியில் வேலை, பின்னேரம் இன்னோர் இடத்தில் வேலை. ஆனாலும் களைப்பு என்று ஒத்துக்கொள்வது அவருக்கு மானக்கேடு. நானோ முழுப் பாலைவனத்தையும் சைக்கிளிலேயே கடப்பேன், வாகனத்தில் கால் வைக்கமாட்டேன் என்று வகுப்பு முழுக்கப் பீற்றியிருந்தேன்.

கடைசி ஊருக்கு ஒருநாள் ஓட்டம் மிச்சமிருக்கையில், ஆளரவமற்ற ஓரிடத்தில் கூடாரம் அடித்தோம். முகாம் என்ற சொல் அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. ஒரு தண்ணீர்க் குழாய், தகரம் போட்ட ஒரு கொட்டில், மற்றதெல்லாம் மண்தான். பின்னேரம் மாமா மெல்லத் தொடங்கினார்.

"அக்கா, நாளைக்கு இஞ்சையே ஒருநாள் ஆறுவமோ?"

"எனக்கென்ன வந்தது? உனக்கு ஏலாதெண்டால் சொல்லு," என்றபடி அம்மா, பிடித்துக்கொண்ட காலைத் தேய்த்தார்.

பேச்சு அத்தோடு முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. மறுநாள் சைக்கிளில் கிளம்பாவிட்டால், விமானத்தைப் பிடிக்க அந்த இடத்துக்காரரின் பிக்கப் வாகனத்தில்தான் போகவேண்டியிருக்கும்.

காலையில் பார்த்தால் என் முன்சில்லில் காற்று இல்லை. முள் தேடினேன், கிடைக்கவில்லை. டியூபைக் கழற்றி வாளித் தண்ணீருக்குள் அமத்தினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. பூட்டிக் காற்றடித்துவிட்டுப் பல் துலக்கி வந்தால், மறுபடியும் சில்லு தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"பாலைவனத்துக் காத்து பொல்லாதது பிள்ளை. உள்ளுக்கிருக்கிற காத்தையும் உறிஞ்சிப்போடும்," என்றார் மாமா, தலையைச் சொறிந்தபடி.

வகுப்பில் விஞ்ஞானத்துக்கு முதல் மாணவியான நான் அதை அப்படியே நம்பினேன். திரும்பவும் காற்றடித்துவிட்டுக் குளிக்கக் கிளம்பியவள், சோப்பை மறந்து பாதி வழியில் திரும்பினேன். மாமா என் சைக்கிளருகே குந்தியிருந்து, வால்வை நகத்தால் அமத்திக்கொண்டிருந்தார்!

அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டிலுக்கு ஓடினேன். அம்மா பாயில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார்.

"அம்மா, மாமாதான் காத்தைத் திறந்துவிடுறார்! வந்து கேளுங்கோ!"

அம்மா கண்ணைத் திறக்கவேயில்லை.

"ஓம், தெரியும். விடியவே சத்தம் கேட்டது. எனக்குத் தெரியுமெண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் ஒரு சின்னப் பொய் சொன்னாலும் பிடித்துவைத்து விசாரிக்கிற அம்மா, மாமாவின் இவ்வளவு பெரிய பித்தலாட்டத்துக்குப் பாயில் கிடந்தபடி சிரித்தார். பெரியவர்கள் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்று முழுக்க இருவரோடும் கதைக்காமல் இருந்தேன். அம்மா பகலில் படுத்ததை அதுவரை நான் ஒருநாளும் கண்டதில்லை என்பது மட்டும் என் மூளைக்கு எட்டவேயில்லை.