டெஸ்க்டாப்பில் இருந்த குரல்

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின ஞாயிறு, அவர் பேசுவதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தோம். தாம்பரத்தில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டியிருந்தது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஹெட்போன் மைக்கை அவர் வாயருகே பிடித்தேன். பள்ளி ஆசிரியராக இருந்தவர். வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். நடுவில் மின்சார ரயில் ஹாரன் அடித்தது. மறுபடி எடுக்கலாம் என்றேன்.

“இருக்கட்டும்டா. அதுவும் நம்ம வீட்டுச் சத்தம்தானே.”

இதுவும் பதிவானது. மொத்தம் பதினொரு நிமிடம். அம்மா தேடாமல் திறக்கட்டும் என்று டெஸ்க்டாப்பிலேயே வைத்தேன். அறுவைச் சிகிச்சைக்குப் பின் தினமும் மாலையில் அம்மா ஃபேனை நிறுத்திவிட்டு அதைக் கேட்பாள். அந்த நேரத்தில் அப்பா வாசலுக்குப் போய்விடுவார்.

அவர் பேச வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதினார். ஒருநாள் ஒரு பழைய பாட்டின் முதல் வரியை எழுதி, கிடைக்குமா என்பதுபோல் பார்த்தார். பாட்டு இறக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டேன். ஒரு வாரமாகியும் அது இணையவே இல்லை. அலுவலக நண்பன் காரணம் சொன்னான்.

“ஃபயர்வால்தான் மச்சான் மறிக்குது. ஆஃப் பண்ணிப் பாரு, பிச்சிக்கினு ஓடும்.”

அந்தப் புரோகிராமுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது. முழுவதையும் நிறுத்தினேன். பாட்டு பாதி இறங்குவதற்குள், ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று திரையில் எழுத்து வந்தது. அணைந்தது. தானாகவே எழுந்தது. மறுபடி அதே எழுத்து.

மறுநாள் காலை, கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் வந்தார்.

“ஃபயர்வால யார் சார் நிறுத்துனது? வூட்டத் தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போன மாதிரி கீது, வைரஸ் பூந்துக்கிச்சு. சி டிரைவ ஃபார்மட் அடிச்சு மொத்தமா அழிச்சாதான் சரியாவும். டி-ல கை வைக்க மாட்டேன். சி-ல எதுனா கீதா?”

“ஒண்ணுமில்ல. எல்லாம் டி-லதான் வெச்சிருக்கேன்.”

அப்பா என் பின்னால் நின்றிருந்தார். என் தோளைத் தட்டினார். திரையை நோக்கி விரலை நீட்டினார். பாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“பாட்டு அப்புறம் இறக்கிக்கலாம்ப்பா.”

மீண்டும் தட்டினார். நான் திரும்பவில்லை. அவர் சிலேட்டைத் தேடி உள்ளே போனார். அது சமையலறையில் இருந்திருக்கிறது. எழுதிக்கொண்டு அவர் வந்தபோது கடைக்காரர் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். சிலேட்டில் இரண்டே சொற்கள்: ‘என் குரல்?’

கடைக்காரர் அதைப் படித்தார். கையை மவுஸிலிருந்து எடுத்தார்.

“டெஸ்க்டாப்ல வெச்சா அது சி-லதான் சார் இருக்கும். சி-ல ஒண்ணுமில்லன்னீங்களே.”

கண் முன்னால் தெரிவது எந்த டிரைவிலும் சேராது என்று நான் எண்ணியிருந்தேன். மீட்க முடியுமா என்று கேட்டதற்கு அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்பா சிலேட்டை முழங்கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்: ‘அம்மாவிடம் சொல்லாதே.’

மாலையில் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“கம்ப்யூட்டர் சரியாயிடுச்சா? போட்டு விடுப்பா.”

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அம்மா போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.