உப்பளத்துக்காரர்களுக்கு நான் நெல் சொல்லிக்கொடுத்த வருஷம்

தனக்குத் தெரியாத ஒன்றை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற வேலைக்குக் கள அலுவலர் என்று பெயர். அந்த வேலையில் இருந்தவர்கள், இப்போதும் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. நான் மரக்காணம் கடலோரத்தில் இயற்கை விவசாயம் சொல்லிக்கொடுத்தேன். பிறந்தது கூனிமேட்டில், மளிகைக்கடைக்காரர் வீட்டில். படித்தது பி.காம். அதற்கு முன் நெல்லை நான் பார்த்ததெல்லாம் கடை மூட்டையில், அரிசியாக.

நேர்முகத் தேர்வு

சுனாமி வந்துபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கடல் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போன நிலங்களை ரசாயன உரம் இல்லாமல் மீட்டுக்கொடுக்கப் போவதாக ஒரு தொண்டு நிறுவனம் வந்து உள்ளூர் ஆட்களைத் தேடியது. கணக்கு எழுதுகிற வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் போனேன். மேலாளர் என் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டுவாயா, வெயில் தாங்குவாயா என்று இரண்டே கேள்வி. எனக்கு விவசாயம் தெரியாதே சார் என்று நானாகத்தான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப நல்லதும்மா. தெரிஞ்சவங்க வந்தா எங்களை எதிர்த்துப் பேசறாங்க."

அறுபது சென்ட்

எனக்கு ஒதுக்கியது அனுமந்தைப் பக்கம். முதல் விவசாயி ஏழுமலை அண்ணன். உப்பளத்தில் கூலி வேலை. மழைக்காலத்தில் உப்பளம் மூடியதும் சொந்தமாக இருந்த அறுபது சென்ட்டில் நெல் வைப்பார். வீட்டுச் சாப்பாட்டு அரிசி அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கடல் புகுந்த பிறகு வரப்புப் புல்கூடக் கருகிக் கிடந்தது. இறால் பண்ணைக்காரர் ஒருவர் அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். அடுத்த பொங்கலுக்குள் பதில் சொன்னால் போதும் என்றும் சொல்லியிருந்தார்.

இறால் குளத்தில் உப்புத் தண்ணீர் வருஷம் முழுக்க நிற்கும், அது ஊறிப் பக்கத்து நிலத்துக்கும் கிணற்றுக்கும் போகும், ஒருவர் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவரும் கொடுத்துத்தான் ஆகவேண்டும், கடைசியில் அந்தப் பக்கம் நெல் என்பதே இருக்காது. இதையெல்லாம் பயிற்சிக் குறிப்பைப் பார்த்துப் பார்த்து அவருக்கு விளக்கினேன். இருபது வருஷமாக உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்கிற மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் மனைவி செல்வி அக்காவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"அதெல்லாம் எங்களுக்கே தெரியும் டீச்சர். இந்த ஒரு பட்டம் வெளையலன்னா குளம் வெட்டக் குடுத்துருவோம். என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க."

நெய்

என்ன பண்ண வேண்டும் என்று எனக்கும்தான் தெரியவில்லை. பஞ்சகவ்யம் தயாரித்துப் பழகு என்று ஆபீசில் சொன்னார்கள். சாணம், கோமியம், பால், தயிர், நெய். ஐந்தையும் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இது பயிருக்கு ஊட்டம், ஆனால் மண்ணில் இருக்கிற கடல் உப்பை இது என்ன செய்யும் என்று யோசித்தபடியே சாணத்தில் நெய்யை ஊற்றிப் பிசைந்தேன். அம்மா பின்கதவில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோ நெய்ல நாலு வீட்டுக்கு பிரியாணி ஆக்கலாம்டி. மண்ணுக்கு என்ன, நிக்காஹா நடக்குது?"

தண்ணீர் கட்டிய பாடம்

பயிற்சியில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு ஜெராக்ஸ் கட்டு. உவர் நிலம் என்ற தலைப்பில், மண்ணில் உள்ள உப்பைக் கரைக்க வயலில் அரை அடி தண்ணீர் கட்டவும் என்று போட்டுப் பக்கம் முடிந்திருந்தது. மூலத்தில் அதற்குப் பின்பக்கம் ஒன்று இருந்ததும், ஜெராக்ஸ் எடுத்தவர் அதை விட்டுவிட்டதும் எனக்குத் தெரியாது. கட்டவும் என்று இருந்ததை, கட்டுங்கள் என்று மரியாதையாக மாற்றிச் சொன்னேன். என் பங்களிப்பு அவ்வளவுதான்.

வேறு ஊராக இருந்தால் தண்ணீர் அங்கே இங்கே கசிந்து, கொஞ்சம் உப்பாவது தப்பித்துப் போயிருக்கும். இவர்களிடம் தண்ணீர் கட்டச் சொன்னால் அப்படி நடக்குமா? உப்பளத்தில் பாத்தி கட்டுகிற கை, கால். புருஷனும் பெண்டாட்டியும் தரையை மிதித்து மிதித்துச் சிமென்ட் போட்டது மாதிரி இறுக்கினார்கள். வரப்பில் எறும்பு நுழையாதபடி களிமண் பூசினார்கள். மேற்கே ஒருவருடைய போர்க் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டு நிரப்பினார்கள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அவ்வளவையும் சித்திரை வெயில் குடித்தது. வற்ற வற்ற நிரப்பினார்கள். வேலை எவ்வளவு சுத்தம் என்று நானும் ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை வற்றியதும் போய்ப் பார்த்தேன். வயல் வெள்ளையாக இருந்தது. ஏழுமலை அண்ணன் குனிந்து தரையில் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தார். அவர் குரலில் கோபம் இருந்ததா, சந்தேகம் இருந்ததா என்று எனக்குப் புரியவே இல்லை.

"உப்பு நல்லா பூத்துருக்குது டீச்சர். நெல்லுக்கு இன்னும் என்ன பண்ணணும்?"

பின்பக்கம்

இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு நிலத்தை நான் உப்புப் பாத்தியாக்கிவிட்டேன். மறுநாள் ஆபீசில் மூலப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினால், கரைந்த தண்ணீரை வற்ற விடாமல் உடனே வடித்துவிடவும் என்று முதல் வரியே இருந்தது. புத்தகத்தோடு போய் இருவரிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். செல்வி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறால்காரருக்கு இப்போதே சொல்லிவிடலாம் என்று முணுமுணுத்தார்.

அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு என்னிடம் இல்லை, மனைவியிடம் கேட்டார்: உப்பளத்தில் மேஸ்திரி எதற்கெல்லாம் கத்துவார்? தரை இளகிப்போனால் கத்துவார், மழைத் தண்ணீர் பாத்தியில் ஏறினால் கத்துவார், வரப்பு உடைந்து தண்ணீர் ஓடினால் அடிக்கவே வருவார் என்று அக்கா வேண்டாவெறுப்பாக அடுக்கினார். ஏன் கத்துகிறார், உப்பு போய்விடும் என்றுதானே என்று அண்ணன் மறுபடி கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான், அண்ணன் உடைத்துச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"இருவது வருசமா உப்பு போவாம பாத்துக்கிட்டோம். இனிமே மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கற மாதிரி வேலை செய்யணும், அவ்ளோதான்."

மடக்கி உழுதது

ஆடி மழையில் அப்படியே செய்தார்கள். மிதித்து இறுக்கிய தரையை ஆழ உழுது உடைத்தார்கள். மழைத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி, வரப்பை வெட்டி ஓடையில் விட்டார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே. அதன்பிறகு தக்கைப்பூண்டு விதைக்கச் சொன்னேன். உவர் மண்ணிலும் அது வளரும். பூக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். இடுப்பு உயரம் வளர்ந்தது. கடல் வந்துபோன பிறகு அந்தத் திக்கில் பச்சையாக நின்றது அது ஒன்றுதான். பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

உழுகிற நாளில் டிராக்டருக்கு முன்னால் செல்வி அக்கா நின்றுவிட்டார். பச்சையாக நிற்பதை மண்ணுக்குள் தள்ளச் சொல்கிறவள் என்ன மனுஷி என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். மண் உயிரோடு இருந்தால்தான் நெல் பிழைக்கும் என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, என் குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்கவில்லை. அக்காவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வழியை விட்டு நகர்ந்தார்.

"இந்த வாட்டி பின்பக்கம் பாத்துட்டீங்களா டீச்சர்?"

பார்வையாளர்கள்

உவர் தாங்குகிற பழைய நெல் ஒன்றைத் தேடி வாங்கி நட்டார்கள். ஐப்பசியில் ஆரம்பித்த மழை நிற்கிற வழியாகத் தெரியவில்லை. ஊரே வானத்தைத் திட்டியது. இவர்கள் இரண்டு பேரும் கொட்டுகிற மழையில் மண்வெட்டியோடு வரப்பை வெட்டி வெட்டி விட்டார்கள். நாற்று அழுகிவிடுமோ என்று நான் பயந்தேன். பாதி நாள் எதற்குப் பயப்பட வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்குக் கதிர் நின்றது. கிழக்கு மூலையில் மட்டும் எதுவும் வரவில்லை. இறால்காரர் பதில் கேட்டு வந்தபோது செல்வி அக்கா அவரை வரப்பில் நிறுத்தி வயலைக் காட்டினார். நிலம் இப்போது வேலையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

அறுவடை ஆகி, எட்டு மாதச் சாப்பாட்டுக்கு வருகிற நெல் வீட்டுக்குள் போனதும் தலைமை அலுவலகத்திலிருந்து கேமராவோடு நாலு பேர் வந்தார்கள். கூடவே நான் பூர்த்தி செய்ய வேண்டிய ஒரு படிவம். அதில் வெற்றிக்கான காரணம் என்று ஒரு கட்டம். மேலாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்த முறையை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று ஏழுமலை அண்ணனைக் கேட்டார். அண்ணன் தயங்காமல் என்னைக் காட்டினார்.

"இவங்கதாங்க. இவங்க தப்பா சொல்லலன்னா நாங்க யோசிச்சே இருக்க மாட்டோம்."

அறுபது சென்ட்டில் நெல் விளைந்தது என் பாடத்தாலா, என் தப்பாலா, மேஸ்திரியின் திட்டாலா, விடாமல் பெய்த மழையாலா என்று தெரியாததால், அந்த வேலையை விட்டு வருகிற வரைக்கும் அந்தக் கட்டத்தை நான் காலியாகவே வைத்திருந்தேன்.