ஆறும்போது ஒரு கணக்கு

2007 நவம்பர் 22, வியாழக்கிழமை, மாலை 4.20. தூறல். ஆய்வுக்கூடச் சுவர்மானியில் ஈரப்பதம் 84 சதவீதம். கடலூருக்குப் பஸ் இல்லை, புவனகிரியில் மறியல் என்று காவலாளி வந்து சொன்னார்.

எனக்கு வயது 57 முடிந்திருந்தது. கடலூர்க் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். விடுப்பில் தினமும் சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்கு வந்துபோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மே மாதம் ஓய்வு. அதற்குள் முனைவர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

வேலை இதுதான். பேட்டரிக்கான திடப்பொருளைப் பொடியாக்கி, எட்டணாக் காசு அளவு வில்லையாக அழுத்த வேண்டும். இரண்டு முகத்திலும் வெள்ளிப் பசை. சிறிய உலைக்குள் வைத்து, முப்பது டிகிரியிலிருந்து நூற்றைம்பது வரை, பத்துப் பத்தாக ஏற்றி, மாறுதிசை மின்னோட்டம் விட்டுப் பார்த்தால் திரையில் அரைவட்டம் எழும். வட்டம் சிறுத்தால் உள்ளே லித்தியம் அயனிகள் சுலபமாக நகர்கின்றன என்று பொருள். ஒரு வில்லைக்குப் பதின்மூன்று அளவுகள். அதுவரை 31 வில்லைகள்.

ஏறும்போது அளந்ததை இறங்கும்போதும் அளக்க வேண்டும் என்பது முறை. நான் ஒருநாளும் செய்ததில்லை. ஆறுவதற்கு மூன்றரை மணி நேரம் ஆகும், எனக்கு 5.10 பஸ். மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ளப் புனேயில் மகன் வீட்டில் இருந்தாள். தினமும் இரவு ஏழுக்கு வீட்டு ஃபோனுக்குக் கூப்பிடுவாள். சராசரி நான்கு நிமிடம். ஒரு நாளில் நான் பேசும் பேச்சில் பெரும்பகுதி அதுதான்.

மறியலன்று போக வழியில்லாததால் இறங்கும்போதும் அளந்தேன். எட்டு மணிக்கு முப்பது டிகிரி வந்தது. காலையில் இதே சூட்டில் இருந்த அரைவட்டம் இப்போது திரையில் அடங்கவில்லை. மின்தடை நூறு மடங்கு. சுழிகளை மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். காலையில் மின்சாரத்தைக் கடத்தியது லித்தியம் அல்ல, வில்லை குடித்திருந்த கடற்கரை ஈரம். சூட்டில் அது போய்விட்டது. 31 வில்லையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுநாள் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் காட்டினேன். என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவர்.

"சார், மறியல் நடக்கலன்னா இது ஒங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. தெரியாத மாதிரியே விட்டுடுங்களேன்."

"ஜர்னலுக்கு அனுப்பின பேப்பர்ல போட்டிருக்கற நம்பர் தப்புங்க."

"பேப்பர ஏத்துக்கிட்டாங்க சார். அளவெல்லாம் திரும்பி எடுத்தா ரிட்டயர் ஆவறதுக்குள்ள முடியாது. அப்புறம் என்னைக் கொற சொல்லக்கூடாது."

அன்று இரவு ஏழுக்கு வீட்டு ஃபோன் அடித்தது.

"நேத்து எங்க போனீங்க? ஒம்போது தரம் அடிச்சேன்."

"லேப்ல. உலை ஆறலை."

"நான் பயந்து கெடக்கறேன், நீங்க அந்த அடுப்புக்குக் காவல் காக்கறீங்க. என்னைக் கட்டினதுக்கு அதையே கட்டியிருக்கலாம்."

"எல்லாத்தையும் திருப்பி அளக்கணும். ஏழு மாசம் ஆகும். சிதம்பரத்துலயே ரூம் பாக்கணும்."

"மே மாசத்துக்கப்புறம் இங்கயே வந்துடறேன்னு சொன்னீங்களே?"

அந்த அழைப்பு ஆறு நிமிடம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். கீழவீதிக்குப் பின்னால் ஓர் அறை. வில்லைகளை முதலில் உலர்த்தி, ஏற்றி, இறக்கி, ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை அளந்தேன். சில நாள் டீக்கடைக்காரரைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அவரிடமும் "சக்கர கம்மி" என்ற இரண்டு வார்த்தைதான். மே மாதம் ஓய்வு பெற்றேன், பட்டமில்லாமல். கல்லூரியில் சால்வை போட்டார்கள்; மாலையே உலைக்குத் திரும்பிவிட்டேன். மறு ஆண்டு பட்டம் வந்தபோது ‘முனைவர்’ என்று பெயர்ப்பலகை மாட்டக் கல்லூரியில் அறை இல்லை. சரியான எண், முதலில் எழுதியதில் நூற்றில் ஒன்று. அந்தப் பொருளை யாரும் பேட்டரியில் வைக்கப்போவதில்லை.

அறை வாடகை ஏழு மாதம் 6,300. பதிவு நீட்டிப்பு 3,000. வெள்ளிப் பசை 2,400. அவள் கூப்பிட வாங்கிய செல்ஃபோன் 1,650. மொத்தம் 13,350 ரூபாய்.