இருபத்தொரு முடிச்சுகள்

ஒருவருக்கு நன்மை செய்ய அவருடைய சம்மதம் வேண்டுமா? எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு வலைப்பந்து ஆட்டம் தொடங்க மூன்று நிமிடங்களே இருக்கையில், இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. அன்று நான் அழத்தான் செய்தேன்.

அக்கா எங்கள் வட்டாரப் பெண்கள் அணியின் தலைவி. தேசிய லீக்கில் அந்த ஆண்டு அவர்கள் தோற்ற ஆட்டங்களே அதிகம். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் முதல் பிரிவிலிருந்து இறங்க வேண்டியதுதான். அக்கா சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பயிற்சியால் தீராத சிக்கலை லிட்டில் இந்தியா கோயிலில் தீர்த்துவிடலாம் என்று நான் முடிவுசெய்தேன்.

ஆட்டத்தன்று காலை அம்மாவுடன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சகர் என் கையில் கட்டச் சிவப்புக் கயிறு எடுத்தபோது, ஏழு வேண்டும் என்றேன்.

"ஏழா? வீட்ல அத்தனை பேரா?"

"வீட்ல இல்ல, டீம்ல."

சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

விளையாட்டரங்கில் ஏழு பேரின் மணிக்கட்டிலும் நானே கட்டினேன், ஆளுக்கு மூன்று முடிச்சாக. கல்யாணங்களில் பார்த்திருந்ததால், உறுதியான காரியங்களுக்கு அதுவே அளவு என்று நம்பியிருந்தேன். கோல் காப்பாளர் நதியா மட்டும் அக்காவை ஒருமுறை பார்த்தாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கையை நீட்டிவிட்டாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு முன் நகமும் நகையும் பார்ப்பது நடுவரின் வழக்கம். அவர் கயிறுகளைப் பார்த்தார். மூன்று நிமிடத்துக்குள் அவற்றைக் கழற்றிவிட்டுக் களத்துக்கு வராவிட்டால் வெற்றி எதிரணிக்கு என்றார்.

ஒரு முடிச்சுகூட அசையவில்லை.

"அடிப்பாவி! எப்படிடி இவ்ளோ டைட்டா கட்டின?" என்றாள் அக்கா.

"ஜெயிக்கணும்ல!"

"கையில ரத்தம் ஓடுனாத்தானே ஜெயிக்க முடியும்!"

நக சோதனைக்காக வலைப்பந்துக்காரர்களின் பையில் எப்போதும் ஒரு நகவெட்டி இருக்கும். அக்கா அதை எடுத்ததும் நான் அழுதுகொண்டே அலறினேன்: "வெட்டாதக்கா! வெட்டுனா தோத்துடுவீங்க!"

அவள் கை நின்றுவிட்டது. அவளும் எங்கள் வீட்டுப் பெண்தானே, சாமிக் கயிற்றை வெட்ட அவளுக்கும் பயம். பார்வையாளர் வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. வெட்டு லா, டைம் ஆவுது!"

நதியாதான் முதலில் கையை நீட்டினாள். மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். கடைசிக் கயிறும் அறுந்தபின், நதியா துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று முடிந்து என் மணிக்கட்டில் சுற்றினாள். வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு விதி கிடையாது, எங்கள் எல்லோருக்காகவும் நீ போட்டுக்கொள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஓடினாள்.

இறுதி நொடியில் எதிரணியின் பந்தை எம்பித் தட்டிவிட்டவள் அவள்தான். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் தலையிலும் யாரோ தண்ணீரைக் கொட்டினார்கள். வெற்றிக்குக் காரணம் எதுவென்று எனக்குச் சந்தேகமே இல்லை. மணிக்கட்டை எல்லோரிடமும் காட்டினேன், நடுவரிடமும்.

நதியாவின் மார்க்கத்தில் அப்படிக் கயிறு கட்டிக்கொள்வதில்லை என்று பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். ஒரு குழந்தையின் முகம் வாடக் கூடாதென்று அவள் கை நீட்டியிருக்கிறாள். அவள் மறுக்க முடியாத இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். விதி அவளை விடுவித்தபோதும், அவள் என்னை அழுகையோடு விட்டுவிட்டுப் போகவில்லை.

இப்போது வார இறுதிகளில் அதே அணியின் சிறுமிகளுக்கு உதவியாளராக இருக்கிறேன். தலை பின்னிவிடுவதானாலும், காலில் சுளுக்குப் பட்டை ஒட்டுவதானாலும், முதலில் கேட்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.