கும்மிடிப்பூண்டி கிளீன்ரூமும் கஸ்தூரி தைத்த அங்கியும்

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், ஒரு வியாழக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். ஒரு பெண்ணை வேலையிடம் மாற்றுவது சரிதான் என்று கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தூசி இல்லாத ஆய்வகங்களை வடிவமைப்பது என் தொழில். கிளீன்ரூம் என்போம். அதற்கு முந்தைய வருடம் அங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு வரைந்து கொடுத்திருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உலோகப் பூச்சு பூசி, வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் உணரிகள் செய்கிறார்கள். நடத்துபவர் பிரபாவதி, வேதியியல் படித்தவர். உற்பத்தி தொடங்கி இரண்டு மாதத்தில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டாம் ஷிஃப்டில் மட்டும் தூசி எண்ணிக்கை எல்லை மீறுகிறது, தகடுகள் வீணாகின்றன. கஸ்தூரி என்கிற பெண் உள்ளே வந்தால்தான் ஏறுகிறது என்று சூப்பர்வைசர் தாமோதரன் கண்டுபிடித்திருக்கிறார். அவரை வெளியே பேக்கிங் பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள். அதற்கு முன் நான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் காலை எட்டே காலுக்கு ரயில் ஏறினேன். சுமார் நாற்பத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். எண்ணூர் வரை கூட்டம் இருக்கும், மீஞ்சூர் தாண்டினால் ஜன்னல் கிடைக்கும். பொன்னேரிக்கு அப்பால் இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. இயந்திரம் போன பாதையெல்லாம் பதரும் தூசியும் புகை மாதிரி எழுந்தன. மற்றவர்கள் வயலைப் பார்க்க, நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் வெளியில் இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

நிலையத்திலிருந்து தொழிற்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநர், கம்பிக் கம்பெனியா, கெமிக்கலா என்று கேட்டார். இரண்டும் இல்லை, தூசியே இல்லாத அறை என்றேன். எதிரே போன இரும்பு லாரி கிளப்பிய புழுதிக்குத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, “இந்த ரோட்டுலயா சார்?” என்றார். நியாயமான கேள்வி.

காலை ஷிஃப்டில் எல்லாம் சரியாக இருந்தது. அந்த அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரான் துகள்கள் 35,200 வரை இருக்கலாம். துகள் எண்ணும் கருவி பதினெட்டாயிரம் காட்டியது. ஃபில்டர், காற்றழுத்தம், கதவு இடுக்கு என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். குறை இல்லை. என் வரைபடம் தப்பித்தது என்று ஒரு நிம்மதி வந்ததை மறைக்க விரும்பவில்லை. மெயின் ரோட்டு மெஸ்ஸில் தொண்ணூறு ரூபாய்க்குச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பவுடர் கூடாது, பூ கூடாது. அதன் கீழே யாரோ பேனாவால் ‘மீன் நாத்தமும்’ என்று சேர்த்திருந்தார்கள்.

கஸ்தூரி பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குப்பம். இரண்டு பஸ் மாறி, பொன்னேரி வழியாக வருகிறார். வயது முப்பதுக்குள். ஐந்தடிக்கு நன்றாகவே குறைவு. வணக்கம் சொன்னதோடு சரி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்கு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் எண்ணிக்கை அறுபத்தோராயிரம்.

“நான் வேணும்னு சொல்லல சார்,” என்றார் தாமோதரன். ஊத்துக்கோட்டைக்காரர். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. “வேற யாரு போனாலும் ஏற மாட்டேங்குது. நீங்களே பாத்துக்கினுதானே இருக்கீங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடமாற்றப் படிவம் மேசையில் இருந்தது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது வெளியே வந்த கஸ்தூரி, காலுறையைக் கழற்ற பெஞ்சில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து கால் வரை மூடும் அங்கியின் கால் பகுதி நான்கு விரல் அளவு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. வெள்ளைப் பருத்தி நூல்.

இது யார் தைத்தது என்று கேட்டேன். அவர் தாமோதரனைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கால்ல மாட்டிக்கினு ரெண்டு வாட்டி வுழுந்துட்டேன் சார். கையில கண்ணாடித் தட்டு. சின்ன சைஸு குடுங்கன்னு கேட்டேன். டிராயிங்குல ரெண்டு சைஸுதான் போட்டுக்கீதுன்னாங்க. அதான் நானே தச்சிக்கினேன்.”

அந்த வரி என்னுடையது. அங்கி, நடுத்தரம் மற்றும் பெரியது, இரண்டு அளவு போதும். எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மனித உடல் சும்மா நின்றாலே லட்சக்கணக்கில் துகள்களை உதிர்க்கும். அங்கி அதை உள்ளேயே பிடித்து வைக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால், குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் காற்று கழுத்து வழியாகத் துருத்தி மாதிரி வெளியே வரும். போதாததற்குப் பருத்தி நூலும் இழை இழையாக உதிரும்.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். நான் ஒல்லி. பெரிய அளவில் ஒரு புது அங்கியை எடுத்து, அதே நூலில் அதே மாதிரி தைத்துத் தரச் சொன்னேன். கஸ்தூரி இருபது நிமிடத்தில் தைத்தார். அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய், அவர் செய்யும் வேலையை, குனிவதையும் தட்டு தூக்குவதையும், அப்படியே செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாமோதரன் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஐம்பத்தெட்டாயிரம். அவர் அந்த எண்ணை இரண்டு முறை சொன்னார்.

அறை பழைய நிலைக்கு வந்த பிறகு, தைக்காத புது அங்கியில் கஸ்தூரியை அனுப்பினோம். கால், இடுப்பு, கழுத்து மூன்றிலும் கிளீன்ரூமுக்கான ஒட்டும் டேப்பைச் சுற்றி இறுக்கியிருந்தோம். இருபத்தோராயிரம். நம்பாமல் மூன்று முறை செய்தோம். ஐந்து மணி ஆகிவிட்டது.

பிரபாவதி இடமாற்றப் படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இப்போது என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டார். இந்தத் துறையில் ஒருவர் சொல்லித்தான் அடுத்தவர் வேலை தருகிறார், என் பிழை என்று எழுதினால் அதுவும் பரவும். இருந்தும் என் சோதனை அறிக்கைப் படிவத்தில் ‘காரணம்: வடிவமைப்பு ஆவணத்தில் பிழை’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன்.

கஸ்தூரி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“சார், என் ஒடம்புல அழுக்கு இல்லன்னும் அதுல எழுதுவீங்களா?”

அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. அடியில் இருந்த வெற்றிடத்தில், கஸ்தூரியின் தூய்மையில் எந்தக் குறையும் இல்லை, அங்கிதான் அவருக்குப் பொருந்தவில்லை என்று தமிழில் எழுதினேன். பிரபாவதியும் கையெழுத்துப் போட்டார். கஸ்தூரி அதை மெதுவாக முழுக்கப் படித்துவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். தாமோதரன் யாரும் சொல்லாமலே போய்ச் சுவரில் இருந்த தாளைக் கிழித்தார். பிறகு அளவெடுக்கும் டேப்போடு வந்து, “ஒயரம் சொல்லும்மா, ஆர்டர் போடணும்,” என்றார்.

ஆறு இருபது ரயிலில் திரும்பினேன். முடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கத் தெரிந்த நான், ஒரு பெண்ணின் உயரத்தை அளக்க நினைக்கவே இல்லை. அந்த ஒரு வரியால் இரண்டு மாதம் ஒருவர் சக ஊழியர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறார். பிழையைத் திருத்த ஒரு மதியம் போதுமாக இருந்தது. அந்த இரண்டு மாதத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இதே போன்ற வேலைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ரயில் நேரத்தைக் கிளம்புமுன் சரிபாருங்கள், ஒன்றை விட்டால் நெடுநேரம் காத்திருக்க நேரும். காலையில் மட்டும் சோதித்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஷிஃப்ட் மாறுவதையும் இருந்து பாருங்கள். அறுவடைக் காலத்தில், வெளித் தூசியை முதலில் பிடிக்கும் முன்ஃபில்டர் இரண்டு செட் கூடுதலாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

போன மாதம் இன்னொரு ஆய்வகம் வரையக் கூப்பிட்டார்கள். காற்றோட்டக் கணக்கைத் தொடங்குவதற்கு முன், அங்கே வேலை செய்யப்போகும் பதினொரு பேரையும் வரச் சொல்லி, சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன்.