வேலிக்கு வெளியே ஒரு பாத்தி

எங்கள் குப்பத்தில் காய்கறி போடுகிறவள் என்றால் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவள் என்று அர்த்தம். முன்னால் கடல், பின்னால் ஏரி, நடுவில் மணல்மேடு. இரண்டு பக்கமும் மீன் கிடக்கும்போது கத்திரிச்செடிக்கு எவள் தண்ணீர் சுமப்பாள்? நான் சுமந்தேன். இடுப்பு வலிக்க வலிக்கச் சுமந்தேன். எல்லாம் என் ஓர்ப்படிக்காக.

அவள் என் கொழுந்தனின் மனைவி. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வந்த புதிதில் கருவாட்டைச் சுட்டுச் சோறு இல்லாமலே தின்பாள். முதலில் உண்டானது தங்காமல் போனது. மறுபடி உண்டானபோது எல்லாமே தலைகீழாகிவிட்டது. மீன் வாடை பட்டாலே குமட்டினாள். எங்கள் குப்பத்தில் மீன் வாடை ஆகாதென்றால் மூச்சே விடக் கூடாது. கடலிலிருந்து வந்த புருஷன் வாசலிலேயே நிற்பான். குளித்துவிட்டு வந்தாலும் அவள் மூக்கு அவனை நம்பாது. வெறுஞ்சோற்றை உப்புப் போட்டுப் பிசைந்து கொடுத்தால் உப்பில் மீன் நாறுகிறது என்பாள். கன்னம் ஒட்டிக்கொண்டு, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பிரசவம் பார்க்கிற அம்மாள் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தாள்.

"இவ வயித்துல எதுனா போனாத்தான் உள்ள இருக்கிறது தங்கும். இல்லன்னா போன தடவ மாதிரிதான். நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

போன தடவை அவள் அழுத அழுகையை நான் பக்கத்தில் இருந்து கேட்டவள். அதை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது. அவள் தொண்டையில் இறங்கியது சுரைக்காயும் கீரையும் பிஞ்சு வெண்டையும் மட்டும்தான். தோணி ஏறிப் பழவேற்காடு போய் வாங்கி வரலாம். காற்று எதிர்த்தால் அன்றைக்குத் திரும்ப முடியாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் மணலைத் தோண்டி ஊற்றெடுத்தேன். எங்கள் மணலில் மேலாகத் தோண்டினால் தண்ணீர் இனிக்கும், ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் கரிக்கும். அந்தத் தண்ணீரில்தான் எல்லாம் வளர்ந்தது. சுரைக்கு உரம், கழுவிப் புதைத்த இறால் தலை. அதைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை.

கொடி படர்ந்து பூ விட்டதும் மான்கள் வந்துவிட்டன. வடக்கே காட்டில் இருக்கிற புள்ளிமான்கள். கழிமுகத்தை நீந்திக்கூட வரும் என்று சொல்வார்கள். நான் அதுவரை மானை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் பின்பக்கம் போனால் கொழுந்து ஒன்றுகூட இல்லை, கீரைப் பாத்தி மொட்டை. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அது கொம்பு வைத்த திருட்டு ஆடு. இலந்தை முள்ளை வெட்டி வைத்தேன், தாண்டிக் குதித்தன. நாயைக் கட்டினேன், மீன் தின்று கொழுத்த நாய் மான் வந்தாலும் தூங்கியது. அழுகின மீனைக் கட்டித் தொங்கவிடு என்று ஊரே சொன்னது. யாருக்காகத் தோட்டம் போட்டேனோ அவளையே அந்த நாற்றம் கொன்றுவிடும். அவர்களுக்கு அது புரியவில்லை.

கடைசியில் என் கொழுந்தன் ஒரு பழைய வலையைக் கொண்டுவந்தான். அவனும் என் வீட்டுக்காரரும் கம்பு நட்டு, தோட்டத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கட்டினார்கள். பிறந்ததிலிருந்து வலை கட்டிய கைகள். ஆனால் அந்தக் கைகளுக்கு ஒரே மாதிரிதான் கட்டத் தெரியும். வலை விறைப்பாக நின்றால் மீன் முட்டிவிட்டுத் திரும்பிப் போகும்; தொய்வாக விட்டால்தான் சிக்கும். அதனால் இங்கேயும் தொய்வாகவே விட்டுக் கட்டினார்கள். வேலி கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று பேரும் மீன்பிடிக்கிற வலையைத்தான் விரித்திருந்தோம். எவருக்கும் உறைக்கவில்லை.

விடிந்து முதலில் பின்பக்கம் போனவள் என் ஓர்ப்படி. வெகுநேரம் வரவில்லையே என்று நான் போய்ப் பார்த்தேன். கொம்பு முளைக்கத் தொடங்கிய இளசு ஒன்று வலையில் சுற்றிக்கொண்டு கிடந்தது. உதறி உதறிக் கழுத்து இறுகிச் செத்திருக்கிறது. அதன் வாயில் பாதி மென்ற சுரையிலை. அவள் அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மான்கறி என்றதும் ஊருக்கு அன்றைக்குத் திருவிழாதான். வலையில் விழுந்தது வலைக்காரனுக்கு என்பது எங்கள் வழக்கம். மற்றவர்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டுப் பெரிய பங்கை எங்கள் வீட்டில் வைத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. மத்தியானம் சுரைக்காய் வேகவைத்துக் கொடுத்தேன். அதையும் தொடவில்லை.

"ஏண்டி, இன்னா உனுக்கு? இதுல மீனும் இல்ல, கறியும் இல்ல."

"அது வாயில பாதி இருந்துச்சுக்கா. பசிக்கு வந்தது. அது வாயிலேந்து புடுங்கி நான் தின்ன மாதிரி இருக்குது. எறங்கல."

மறுநாளும் இறங்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் ஒருத்தி தண்ணீர் சுமந்து சாகிறேன், உனக்கு மான் பெரிதாகப் போய்விட்டதா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திரும்பியபோது முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. என் கோபம் அதோடு சரி.

அன்று மாலையே வலையை அவிழ்த்து, கையால் இழுத்து இழுத்து விறைப்பாகக் கட்டினேன். ஆண்கள் சிரித்தார்கள், இப்படிக் கட்டினால் ஒன்றும் சிக்காதே என்றார்கள். சிக்க வேண்டாம் என்றுதான் கட்டுகிறேன் என்றேன். பிறகு வேலிக்கு வெளியே, காட்டுப் பக்கமாக, இன்னொரு பாத்தி கிளறிக் கீரை விதைத்தேன். விதை முளைக்கும்வரை மான்கள் பொறுக்குமா என்று உள்ளே இருந்த நாற்றிலும் பாதியைப் பிடுங்கி வெளியே நட்டேன். அவளைக் கைபிடித்து அழைத்துவந்து காட்டினேன்.

"இது அதுங்களுக்கு. உள்ள இருக்கிறது உனுக்கு. யாரும் யார் வாயிலேந்தும் புடுங்கல. போதுமா?"

அவள் பொழுது சாயும் நேரத்தில் பின்வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பனைமரங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு மான்கள் வந்தன. விறைப்பான வலையை மூக்கால் ஒரு முறை முட்டிப் பார்த்துவிட்டு வெளிப் பாத்தியில் மேய்ந்தன. அவை போன பிறகு, "பசிக்குதுக்கா" என்றாள். நான் அடுப்படிக்கு ஓடினேன்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மான் மேய்ந்தால்தான் அவள் சாப்பிடுவாள். மானைத் துரத்தப் பாடுபட்டவள் நான். இப்போது பொழுது சாய்ந்தால் பனைமரப் பக்கமே பார்த்துக்கொண்டு, வந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் நிலைமையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. வந்துகொண்டுதான் இருந்தன. அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். அவர்கள் கப்பல் வந்து நங்கூரம் போட்டால் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், கப்பலிலிருந்தும் பதிலுக்கு வெடிக்கும். எங்களுக்கு அது பழகின சத்தம். அவள் நிறைமாதமாக இருந்தபோது ஒரே சமயத்தில் பல கப்பல்கள் வந்தன. காலையில் ஆரம்பித்த வெடி மத்தியானம்வரை ஓயவில்லை. அன்று மாலை மான் வரவில்லை. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் இன்னொரு கப்பல், இன்னும் வெடி. பிரசவ நேரத்தில் உடம்பில் வலு வேண்டும் என்று பிரசவம் பார்க்கிற அம்மாள் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவள் கண் அயர்ந்த நேரம் பார்த்து வெளிப் பாத்திக்குப் போனேன். கீரை தளதளவென்று, ஒரு வாய் படாமல் நின்றது. கிள்ளினால் நகம் பட்டது தெரியும். அதனால் மண்டி போட்டுக் குனிந்து வாயாலேயே கடித்து இழுத்தேன். கிழிந்து கிழிந்து வந்தது. துப்பினால் தெரியும் என்று மணலோடு விழுங்கினேன். பிறகு இரண்டு மட்டிச் சிப்பியின் ஓடுகளை எடுத்து, ஜோடியாக மணலில் அழுத்தி அழுத்திக் குளம்புத் தடம் வைத்தேன். என் கால் தடத்தைத் தென்னை மட்டையால் பெருக்கிவிட்டு வந்து அவளை எழுப்பினேன்.

"நீ தூங்கினு இருந்த. வந்துட்டுப் போச்சு."

நம்பாமல் எழுந்து வந்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தத் தடத்தை வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "சோறு போடுக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். கப்பல்கள் போகும்வரை தினமும் நான்தான் மேய்ந்தேன்.

பையன் பிறந்தான். பெருங்குரலெடுத்து அழுதான். பத்தியம் முடிந்து அவள் கேட்ட முதல் சாப்பாடு சுறாப்புட்டு. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. சிரித்துக்கொண்டே செய்து போட்டேன்.

அவன் தவழ்கிற வயதில் ஒரு நாள், மணலில் அவனை உட்கார வைத்து அவள் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ஊற்றிலிருந்து குடத்தோடு வந்தேன். அவள் கையில் இரண்டு மட்டி ஓடு. ஜோடியாக மணலில் அழுத்தி, "பார்றா, மான் வந்துட்டுப் போச்சு" என்றாள்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

"எப்பத்திலேந்துடி தெரியும் உனுக்கு?"

"மொத நாளே தெரியும். எந்த மான் காலுல வரி இருக்குது? மட்டியோட வரி மணல்ல அப்டியே கெடந்துச்சு."

"தெரிஞ்சா தின்ன?"

அவள் பையனின் வாயிலிருந்து மணலைத் துடைத்துவிட்டாள்.

"நீ வந்து என்ன எழுப்புனப்ப உன் பல்லுல கீர ஒட்டியிருந்துச்சுக்கா. அத்தப் பாத்தப்புறம்தான் எனுக்கு நெசமாவே பசிச்சுது."